நைனா கட்டிய வெள்ளை நாடா

எங்கள் ஏரியாவின் பெயரே பட்டாளம்தான். ஓட்டேரிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில், பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "உங்கப்பா எங்கே இருக்காரு?" என்று கேட்டார். "பட்டாளத்துல டீச்சர்." "வீட்டைக் கேக்கலம்மா, அப்பா எங்கே வேலை பாக்குறாரு?" "பட்டாளத்துல டீச்சர்." நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்து ஸ்கேலால் ஒன்று வைத்தார். வீடு இருந்ததும் பட்டாளத்தில், நைனா இருந்ததும் பட்டாளத்தில். இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் ரயில் பயணம்.

அந்த நைனா 2024 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். 86 வயது. பேரன், பேத்தி, கொள்ளுப்பேத்தி வரைக்கும் பார்த்தாயிற்று. கல்யாணச் சாவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருப் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டிவிட்டார்கள். மேலே 'வீர வணக்கம்', நடுவில் நைனாவின் ரேஷன் கார்டு போட்டோ, பின்னால் ஒரு டாங்கி, இரண்டு போர் விமானம், பறக்கிற மூவர்ணக் கொடி. பாசத்தில் செய்தது, குறை சொல்லக்கூடாது. ஆனால் நைனா டாங்கி ஓட்டியவர் இல்லை. டாங்கி போகிற பாதையைத் தட்டிப் பார்த்தவர். அதைப் படமாகப் போட்டால் என்ன தெரியும்? ஒரு ஆள் மண்ணில் குப்புறப் படுத்திருப்பான், அவ்வளவுதான். ஃபிளெக்ஸுக்கு அது எடுபடாது.

நைனாவின் நைனா, அதாவது என் தாத்தா, பின்னி மில்லில் தறி ஓட்டினார். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது, கர்நாடிக் மில் 1881இல். 1920இல் இரண்டும் ஒன்றாகி 'பி அண்டு சி' ஆனது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் மற்றவர்களும் சேர்ந்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தது இந்த மில்காரர்களை வைத்துத்தான். எங்கள் பக்கத்து மனுஷர்கள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்துக்கான காக்கித் துணி இங்கே இரவு பகலாக ஓடியது. தாத்தா வீட்டுக்கு வரும்போது முழங்கைவரை பஞ்சு ஒட்டியிருக்கும் என்று ஆயா சொல்வாள்.

மகனையும் மில்லில் சேர்த்துவிட வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. நைனா 1957இல், 19 வயதில், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "மில்லு சங்கு ஊதுனா எழுந்திரு, சங்கு ஊதுனா துன்னு, சங்கு ஊதுனா தூங்கு. அது வாணாம்னு ஓடினேன். பெங்களூர்ல போய் எறங்கினா, அங்க பிகில் ஊதுறான்." அப்புறம் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்: "எங்க நைனா காக்கி நெய்தாரு. எனக்குக் குடுத்தது பச்சை."

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்பது முழுப்பெயர். 1780இல் தொடங்கிய படை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று யார் எந்தப் பாஷை பேசினாலும் அந்தப் படைவீரனுக்கு ஒரே பெயர்தான், 'தம்பி'. வடக்கத்தி அதிகாரிகூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாராம். நைனாவுக்கு அதில் தனிச் சந்தோஷம். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று தெருவில் பலருக்கு விளங்கவில்லை. "பட்டாளத்து மேஸ்திரி" என்று ஆயா எளிதாகச் சொல்லிவிடுவாள். அது ஒன்றும் தப்பில்லை. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, தேவைப்பட்டால் அதே பாலத்தைத் தகர்ப்பது, எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது. 22 வருஷம் அதைச் செய்துவிட்டு 1979இல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தார்.

அந்த 22 வருஷத்தில் அவர் எங்களுக்கு யார் என்று கேட்டால், ஒரு இன்லேண்ட் லெட்டர், ஒரு மணியார்டர். அனுப்புகிற முகவரியில் ஊரே இருக்காது, '56 ஏபிஓ' என்று பட்டாளத்துத் தபால் ஆபீஸ் எண் மட்டும் இருக்கும். நான் ரொம்ப நாள் 56 ஏபிஓ என்பதை ஒரு ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர் அடிக்கிற ஊர்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. லெட்டர் வந்தால் பக்கத்துப் போர்ஷன் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். ஆயா, அத்தை, தண்ணி பிடிக்க வந்தவர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அது நைனாவுக்கும் தெரியும். அதனால் அம்மாவுக்கென்று அதில் ஒன்றுமே இருக்காது. "நலம், நலமறிய ஆவல். கூரை ஓட்டை மழைக்கு முன் மாற்றவும். பெரியவனுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? சீட்டுப் பணத்துக்கு ரசீது வாங்கவும்." லெட்டரா, வேலை உத்தரவா என்று சந்தேகம் வரும். ஆனால் மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இடம் இருக்குமே, அதைத் தபால்காரர் கிழித்து அம்மா கையில்தான் கொடுப்பார். யாரும் படிக்கக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் அதில் ஒரே ஒரு வார்த்தை இருக்கும்: 'பத்திரம்'. அம்மா அந்த ஒரு வார்த்தையின் வடிவத்தை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தாள். துண்டுகளை எல்லாம் ஒரு கம்பியில் குத்திச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அதேபோல.

வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. நான் பிறந்த எட்டாம் மாதம்தான் என்னை முதலில் பார்த்தாராம். எனக்கு நினைவு தெரிந்து அவர் வந்தபோது நான் ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரோ ஒரு மாமா வந்துகீறாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். பெட்டியைத் திறந்து ஒரு பொம்மையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தூரப் போய் உட்கார்ந்துகொண்டார். தானாக வரட்டும் என்று. நான் போய் எடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம். அதுவரை அந்த மனுஷன் நகரவே இல்லை என்று அம்மா சொல்வாள்.

லீவு முடிந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடிக்க அவர் சென்ட்ரலுக்குக் கிளம்பிய நாளில் அம்மா வீடு கூட்ட மாட்டாள். ஆள் கிளம்பியதும் கூட்டக்கூடாது என்பது ஊருக்கே வழக்கம். அம்மா மறுநாளும் கூட்ட மாட்டாள். டெல்லி போய்ச் சேரும்வரை என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஆயாவுக்கும் அவளுக்கும் இதில் சண்டையே நடக்கும்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, எனக்கு ஐந்து வயது. பெரிதாக எதுவும் நினைவில்லை. எதிர்வீட்டு ரேடியோவில் செய்தி வரும்போது தெருவே அங்கே கூடும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா உள்ளே போய்விடுவாள். லெட்டர் வேண்டும், ஆனால் தந்தியாக இருந்துவிட்டால்? ஜனவரியில் மணியார்டர் வந்தது. துண்டில் வழக்கமான ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வார்த்தை இருந்தன. அம்மாவுக்குக் கை நடுங்கி, முதல் தடவையாக அதைப் பக்கத்துப் போர்ஷன் அண்ணனிடம் கொடுத்தாள். 'பத்திரமா இருக்கேன்' என்று எழுதியிருந்தது.

போரைப் பற்றி நைனா எங்களிடம் பேசியதில்லை. அந்தப் போருக்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் இரண்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பட்டன், ஊக்கோடு கிடந்தன. முதல் தடவை வாய் திறந்தது 2005 கோடை விடுமுறையில், அதுவும் என்னிடம் இல்லை.

எதிர்வீட்டில் மாடி எடுக்க மணல் கொட்டியிருந்தார்கள். என் மகனுக்கு 9 வயது. தெருப் பையன்கள் நாலு பேரோடு வந்து, "தாத்தா, நீ எத்தினி பேரைச் சுட்டே?" என்று கேட்டான். நைனா யோசித்துவிட்டு, "ஒருத்தரையும் இல்லடா. நான் சுடுற ஆளு இல்ல. தேடுற ஆளு" என்றார். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போனது. அது அவருக்குப் பொறுக்கவில்லை போல. அடுப்படியிலிருந்து நாலு எவர்சில்வர் மூடிகளை எடுத்துக் கொடுத்து, மணலில் புதைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உருவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 67 வயதில், நடுத்தெருவில், மணல் மேட்டில் குப்புறப் படுத்தார்.

"கம்பியை நட்டுக்குத்தலா எறக்கினா அதோட தலையில படும். தலையில பட்டா வெடிக்கும். இப்பிடிச் சாய்ச்சு, 30 டிகிரி. பக்கவாட்டுல போய்த் தொடணும். சைடுல தொட்டா ஒண்ணியும் பண்ணாது." இரண்டு விரல் தள்ளி ஒரு குத்து, இன்னும் இரண்டு விரல் தள்ளி ஒரு குத்து. கம்பி இறங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா வாசலுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்: "இந்தாய்யா, பேரன் எடுத்த வயசுல மண்ணுல பொரள்றியே, தெருவே பாக்குது!" அவர் திரும்பவே இல்லை. முதல் மூடியில் கம்பி பட்டு மெல்ல 'டிங்' என்றபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டாவதுக்குள் தெருப் பையன்கள் பொறுமை இழந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். என் மகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். நான் வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாலாவது மூடியும் கிடைத்த பிறகு, எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, அந்த ராத்திரியைப் பற்றி அவனிடம் சொன்னார்.

மேற்கே, ஷகர்கர் பகுதியில் பசந்தர் என்று ஒரு ஆறு. 1971 டிசம்பர் 15 ராத்திரி. காலாட்படை ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் பிடித்துவிட்டது. அவர்களுக்குத் துணையாக டாங்கிகள் போக வேண்டும். நடுவில் கண்ணிவெடி வயல். அதில் பாதை எடுக்கிற வேலை மெட்ராஸ் சாப்பர்களின் 9ஆம் எஞ்சினியர் ரெஜிமென்டுக்கு. எடுத்த மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா இழுத்துக்கொண்டே போவார்கள். நாடாவுக்குள் நடந்தால் உயிர், வெளியே கால் வைத்தால் அவரவர் விதி. மேலே ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது.

"வண்டிங்க பின்னால வந்து நின்னுனு உறுமுது. நாங்க இன்னும் பாதிதான் போயிருக்கோம். அந்தாண்ட எதிரி டாங்கி வருதுன்னு நியூஸ் வந்துடுச்சு. இனிமே நிக்க முடியாதுன்னு, எங்களைத் தாண்டிக்கினு பூட்டான்."

"பாதை முடிக்கறதுக்கு முன்னாடியா? வெடிக்கலையா தாத்தா?"

"என் கண்ணு முன்னால போன வண்டி எல்லாம் போய்ச் சேந்துச்சு."

"அப்ப சூப்பர்தானே?"

"அது அதிர்ஷ்டம்டா கண்ணு. அதிர்ஷ்டத்தை நம்ம கணக்குல எழுதக்கூடாது."

அப்படிப் போனவை பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள். அடுத்த நாள், டிசம்பர் 16 அன்று, அந்தக் கரையில் நடந்த டாங்கிச் சண்டையில்தான் 21 வயது அருண் கேத்ரபால் உயிரை விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றார். அதே நாள்தான் டாக்காவில் சரணாகதி. அந்தச் சண்டையைப் பற்றி அப்புறம் நான் தேடிப் படித்தேன். டாங்கிகள் பாய்ந்த கதை பக்கம் பக்கமாக இருக்கும். பாதை எடுத்தவர்களுக்கு இரண்டு வரி. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நைனாவுக்கு இருந்த வருத்தம் வேறு. வேலை பாதியில் நின்றுபோனது. "அந்தப் பையன் வண்டியும் எங்க பாதையிலதான் போயிருக்கணும்" என்று ஒரு தடவை சொன்னார். போனது நல்லபடியாகத்தானே போனது என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மீதிப் பாதையை அவர் எங்கே தட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுவதை எழுதினால் சினிமா வசனம் மாதிரி ஆகிவிடும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பட்டாளத்திலிருந்து வந்ததும் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலில் 18 வருஷம் நின்றார். ஒரு தடவைகூட அதைத் தூக்கிக் குறிபார்க்க வேண்டி வரவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. 1983இல் எனக்குப் பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். பொம்பளைப் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்று அத்தை இழுத்தாள். நைனா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சட்டைப்பையில் துண்டுக் காகிதத்தோடு கிளம்பிப் போய், கல்லூரி வாசல்வரை பஸ்ஸில் போய் வந்தார். காகிதத்தை என்னிடம் கொடுத்தார். எந்த பஸ், எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு, எந்த ஸ்டாப்பில் இறங்கினால் ரோடு தாண்ட வேண்டாம், எந்தக் கடைக்காரர் முகம் நல்ல முகம், எந்தச் சந்து வேண்டாம். கீழே 'பத்திரம்'. இதற்கு அவர் வைத்த பெயர் 'ரெக்கி'. சாமான் வாங்கப் போவதற்கு முன்னால்கூட ரெக்கி பார்க்கிற மனுஷன்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்த ரெக்கி எல்லை மீறியது. ஒரு இடம் எல்லாம் கூடி வந்தது. பையன் நிரந்தர வேலை, கெட்ட பழக்கம் எதுவுமில்லை. நைனா ஒரு நாள் வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி அந்தத் தெருவில் சுற்றிவிட்டு வந்து, வேண்டாம் என்றுவிட்டார். "ஏன்?" என்று அம்மா கத்தினாள். "செவுத்துல தண்ணி நின்ன கறை முட்டி ஒசரத்துக்குக் கீது. எம்பொண்ணு மழைக்கு மழை கட்டில் மேல ஏறி நிக்கணுமா?" அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டையில் தண்ணீர் நிற்காத தெருவில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்: "என்னையா பாத்தாரு உங்கப்பா? எங்க தெரு டிரைனேஜைப் பாத்துப் பொண்ணு குடுத்தாரு."

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல மாட்டேன். எண்ணி எண்ணித்தான் காசு எடுப்பார். எங்கள் யார் தலையையும் தடவியது கிடையாது. என் தம்பிக்கு 1991இல் பட்டாளத்தில் சேர ஆசை. ஓடவும் தாண்டவும் பயிற்சி எடுத்து, எல்லாக் காகிதமும் தயாராக வைத்திருந்தான். நைனா கையெழுத்துப் போட மறுத்தார். "ஒரு வூட்டுக்கு ஒருத்தன் போதும்." "நீ மட்டும் சொல்லாம ஓடிப் போனியே நைனா?" என்று தம்பி கேட்டான். "அதனாலதான் சொல்றேன்." தம்பி இரண்டு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சொந்தமாக ஆட்டோ வைத்து ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் குடியரசு தின அணிவகுப்பு டிவியில் ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவான். அந்த விஷயத்தில் நைனாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது 2011 வாக்கில். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள், அப்புறம் டிவி புகையாகத் தெரிகிறது என்றாள், அப்புறம் ஒன்றுமில்லை. நாங்கள் ஆளுக்கொரு வீட்டில் இருந்தோம். அண்ணன் தன்னோடு வரச் சொன்னான், நான் கூப்பிட்டேன். நைனா யாரிடமும் அனுப்பவில்லை. சமையல், துணி, இன்சுலின் ஊசி, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கிளினிக்கில் மாத்திரை வாங்கி வருவது எல்லாம் அவரே. 73 வயதில் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். சுமாராகத்தான் இருக்கும். அம்மா ஒவ்வொரு நாளும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீடு முழுக்க வெள்ளை நாடா ஓடியது. சௌகார்பேட்டையில் மொத்தக் கடைக்குப் போய்ப் பாவாடை நாடா உருண்டையாக வாங்கி வந்திருக்கிறார். கட்டில் காலில் ஆரம்பித்து, ஜன்னல் கம்பி, பீரோ கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் என்று இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, பாத்ரூம்வரை ஒன்று, சமையலறைக்கு ஒன்று, வாசல் திண்ணைக்கு ஒன்று. நடுநடுவே முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் படி, இரண்டு முடிச்சு என்றால் நிலைவாசல், குனி. மூன்று முடிச்சு என்றால் அடுப்புப் பக்கம், நில். அம்மா விரலால் தடவிக்கொண்டே போனாள். ராத்திரி எழுந்தாலும் அவரை எழுப்பத் தேவையில்லை. "பாரு, நூல் புடிச்ச மாதிரி நடக்குறேன்" என்று எனக்கு நடந்து காட்டினாள். "அவரு எழுதுன லெட்டரெல்லாம் ஊரே படிச்சுது. இந்த ஒண்ணைத்தான் நானே படிக்கிறேன்."

நாடா அழுக்கானால் அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டுவார், முடிச்சு மாறாமல். எட்டு வருஷம். அம்மா 2019இல் போனாள். நாடாவை அவர் அவிழ்க்கவில்லை. எடுத்துவிடலாமா என்று அண்ணி கேட்டதற்கு, "கெடக்கட்டும், யாரை இன்னா பண்ணுது?" என்றார். கடைசி இரண்டு வருஷத்தில் கால் தள்ளாட ஆரம்பித்ததும் அவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அதை நாங்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. ஆள் வந்தால் கையை எடுத்துவிடுவார்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 'ஓட்டேரி நல்லா' என்கிற கால்வாய் நிரம்பினால் எங்கள் பக்கம் தெரு எது, கால்வாய் எது என்று தெரியாது. 2015லும் சரி, 2021 நவம்பரிலும் சரி, இடுப்பளவு தண்ணீரில் நைனா ஒரு பிளம்பிங் பைப்பைச் சாய்த்துப் பிடித்துக் குத்திக்கொண்டே முன்னால் போனார், மூடி திறந்த மேன்ஹோல் எங்கே இருக்கிறது என்று. பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும். இரண்டாவது தடவை அவருக்கு 83 வயது. "நீயே வயசானவன்தான் நைனா" என்று போனில் கத்தினேன். "முன்னால ஒருத்தன் போவணும்ல" என்றார்.

ராணுவ ஓய்வூதியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85 ஆனால் 30 சதவீதம், 100 வயதானால் அப்படியே இரட்டிப்பு. வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்கக் கூட்டிப்போகும்போது, "நூறு ஆனா டபுளாம் நைனா, அதுக்காகவாவது இரு" என்பேன். "இருந்துட்டா போச்சு" என்பார். கைரேகை மெஷினில் அவர் ரேகை பதியவே பதியாது. தேய்ந்துபோயிருந்தது. நாலு விரலை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளும்.

போனது ஒரு விடியற்காலை, தூக்கத்தில். அண்ணன் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தான்; செலவுக்குப் பணம் எங்கே என்று பார்க்க. நோட்டின் நடுவில் ஒரு கவர். அதில் பணமும், மடித்த காகிதமும் இருந்தன. 2023 ஜனவரி தேதி. அவருடைய கோணல் எழுத்து.

'ஓட்டேரி சுடுகாடு. நடந்தால் 20 நிமிஷம். ஊர்வலம் 50 ஆகும். காலை 10க்குள் கிளம்பவும், வெயில். மெட்ரோ தகரம் அடைச்ச பக்கம் வேணாம், வண்டி திரும்பாது. இரண்டாவது சந்து முனையில் பெரிய பள்ளம் தோண்டி இருக்கு, சுத்திப் போகவும். மேளம் போதும். வெடி வேணாம், குழந்தைங்க இருக்கு. பத்திரம்.'

84 வயதில், தள்ளாடும் காலோடு, அந்த மனுஷன் தனியாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. தம்பி அந்தக் காகிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

தெருப் பையன்கள் ஏற்கனவே சரவெடி வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வெடி இல்லாத சாவு ஊர்வலமா? முதலில் முறைத்துக்கொண்டார்கள். காகிதத்தைக் காட்டினேன். பெட்டியோடு திருப்பி எடுத்துப் போனார்கள். மேளம் மட்டும் வந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். நான் நிற்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். தம்பி கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தான்.

இரண்டாவது சந்து முனை வந்தது. பள்ளத்தை மூடி, மேலே தார் போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேராகவே போகலாம். வண்டிக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கையைக் காட்டினான். சுற்றித்தான் போனோம்.